தவராசா தண்ணீர் ஊற்றாத செடி

அக்கராயனில் தவராசாவை அறியாத வயல்காரர் இல்லை. முப்பத்தொரு வருடம், வாய்க்கால்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் குளத்து மதகு, ஊர்ப்பேச்சில் துருசு, அவர் கையில் இருந்தது. எந்த வாய்க்காலுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர், எவருடைய வயல் கடைசியாக நிரம்பும், யார் யார் கள்ளமாக மடை வெட்டுவார்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். துருசின் இரும்புச் சக்கரத்தை நெஞ்சு கொடுத்துச் சுழற்றும்போது, கீழே நுரைத்துக்கொண்டு பாயும் தண்ணீரின் சத்தத்தை வைத்தே கதவு எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அவருடைய தகப்பன் சுழிபுரத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். புகையிலைத் தோட்டத்துக்குக் கிணற்றிலிருந்து இறைத்து இறைத்தே கை காய்த்துப்போன அந்த மனுசன், வாய்க்காலில் தண்ணீர் தானாக ஓடி வருவதைக் கண்ட முதல்நாள் வரம்பில் குந்தியிருந்து அழுதாராம். அப்படிப்பட்டவருக்குப் பிள்ளையாகப் பிறந்த தவராசாவுக்கு, வாடி நிற்கும் ஒரு பயிரைக் கண்டால் மனம் பொறுக்காது. போரில் ஊரோடு இடம்பெயர்ந்து, 2010இல் திரும்பி வந்தபோது, வீட்டுக் கூரையைப் பார்க்க முதல் அவர் போய்ப் பார்த்தது துருசைத்தான். துருப்பிடித்து இறுகிக் கிடந்த சக்கரத்துக்கு மூன்று நாள் எண்ணெய் விட்டு, நான்காம் நாள் அசைத்தெடுத்தார்.

அறுபது வயதில் ஓய்வு கிடைத்தது. அடுத்த தை மாதக் கடைசியில், அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகள் பிரஷாந்தினியின் பிள்ளைப்பேறு பார்க்க மனைவி விமலேஸ்வரி புறப்பட்டாள். ஏழு மாதம் அங்கே நிற்பதாக ஏற்பாடு. தவராசாவுக்கு விமானம் ஏறப் பயம். அவர் வீட்டோடு நின்றுவிட்டார்.

போகிற நேரம் விமலேஸ்வரி அவர் கையில் ஒரு கொப்பித் தாளைக் கொடுத்தாள். முற்றத்தில் இருந்த அவளுடைய இருபத்தெட்டுப் பூச்சாடிகளுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தாள். குரோட்டனுக்கு ஒவ்வொரு நாளும் தண்ணீர், அந்தூரியத்துக்கு நிழல், இப்படி. கடைசி வரியில் மட்டும் சிவப்பு மையால் கோடிட்டிருந்தாள். "பாலைவன றோசாவுக்குக் கிழமைக்கு ஒருக்காத்தான் தண்ணி. மறக்காதேங்கோ."

அந்தப் பாலைவன றோசாவை அவள் வவுனியாவில் இருக்கும் தங்கையிடமிருந்து வாங்கி வந்து ஆறு வருடம் வளர்த்திருந்தாள். அடியில் குடம்போலப் பருத்த தண்டு, மேலே நாலைந்து கொப்பு, கொப்பு நுனியில் அடுக்கடுக்காகக் கடுஞ்சிவப்புப் பூ. தெருவால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். வீட்டில் அவளுக்கு இருந்த செல்லப்பிள்ளை அதுதான்.

தவராசா தாளை இரண்டு தரம் வாசித்தார். மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். கடைசி வரியைத்தான் ஏற்க முடியவில்லை. உச்சி வெயிலில் நாள் முழுக்க நிற்கிற ஒரு சீவனுக்குக் கிழமைக்கு ஒருமுறை தண்ணீரா? எழுதும்போது கை தவறியிருக்கும் என்று தனக்குள் முடிவுகட்டி, காலையில் ஒரு வாளியும் பின்னேரம் ஒரு வாளியும் ஊற்றத் தொடங்கினார்.

முதல் இரண்டு கிழமை செடி பச்சைப்பசேலென்று துளிர்த்தது. தவராசா மீசைக்குள் சிரித்துக்கொண்டார். மூன்றாம் கிழமை இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் அரை வாளி கூட்டினார். மாசி மாதக் கடைசியில் ஒருநாள் அந்தப் பருத்த அடித்தண்டைத் தொட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போனது. அளவுக்கு மீறிப் பழுத்த பப்பாப்பழம்போல் கொழகொழத்துக் கிடந்தது. ஒரு புளித்த மணமும் வந்தது.

அன்றைக்கென்று பார்த்து மகள் தொலைபேசியில் அழைத்தாள். பேத்தி பிறந்து பதினொரு நாள். திரையில் அந்தச் சின்ன முகத்தைக் கண்டதும் தவராசா செடியை மறந்தே போனார். "என்ர குஞ்சு, என்ர குஞ்சு" என்று கொஞ்சிக்கொண்டிருக்கும்போது விமலேஸ்வரியின் முகம் குறுக்கே வந்தது.

"இஞ்சேருங்கோ, என்ர செடியளை ஒருக்காக் காட்டுங்கோ."

தவராசா தொலைபேசியைக் குரோட்டன் பக்கம் திருப்பினார். பிறகு அந்தூரியம். பிறகு திரும்பவும் குரோட்டன்.

"எங்கை என்ர றோசா?"

"அது... அங்காலை வைச்சிருக்கிறன். இஞ்சை சிக்னல் சரியில்லை, விமலா. நான் பிறகு எடுக்கிறன்."

அவர் பொய் சொல்லிப் பழகியவர் இல்லை. காது இரண்டும் சுட்டது.

அந்த நேரத்தில்தான் படலையடியில் மீன்காரனின் மோட்டார் சைக்கிள் கோர்ண் அடித்தது. ஸ்ரனிஸ்லஸ் முல்லைத்தீவுக் கரையோரத்து ஆள். கிழமையில் ஐந்து நாள் கிளிநொச்சியில் தமக்கை வீட்டில் தங்கி, சந்தையில் மீன் எடுத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பான். சனிக்கிழமை வீட்டுக்குப் போய்விடுவான். அவன் பாரை மீனை நிறுத்துக்கொண்டே முற்றத்தை எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, அக்கான்ரை அடீனியத்துக்கு என்ன நடந்தது?"

அதற்கு அப்படியும் ஒரு பெயர் இருப்பது தவராசாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. "வெயில் தாங்கேல்லைப் போலை, தம்பி. ரெண்டு நேரமும் வாளி வாளியா ஊத்தியும் வாடிப்போச்சு."

ஸ்ரனிஸ்லஸ் தராசைக் கீழே வைத்தான். "ரெண்டு நேரமோ? அண்ணை, இது வாடேல்லை. தண்ணி குடிச்சு அழுகிப்போச்சு. எங்கட வீட்டிலை மனுசி றோஸ்மேரி முப்பது நாப்பது வைச்சிருக்கிறாள். மழைக்காலத்திலை ஒரு துளி பட விடமாட்டாள்."

"இனிப் பிழைக்குமோ?"

"எனக்கு மீனைத்தான் தெரியும். அவளிட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. சுணங்காமப் போங்கோ."

மறுநாள் காலை தவராசா செடியைச் சாடியிலிருந்து கிளப்பி, ஒரு உரப்பையில் சுற்றி, கிளிநொச்சியில் முல்லைத்தீவு பஸ் ஏறினார். மடியில் பையை வைத்துக்கொண்டு யன்னல் கரையில் இருந்தார். பரந்தன் தாண்டியதும் தெரு பழகிய தெருவாகிவிட்டது. அந்தத் தெருவால் அவர் கடைசியாகப் போனது 2009இல், நடந்து. அதற்குப் பிறகு பதினாறு வருடம் அந்தப் பக்கம் போக அவருக்கு மனம் வந்ததில்லை. கலியாணங்களுக்குக்கூட விமலேஸ்வரியைத் தனியே அனுப்பியிருக்கிறார். வட்டுவாகல் பாலத்தில் பஸ் மெல்ல ஊர்ந்தபோது அவர் பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, பையை நான் பிடிக்கட்டோ?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. அழுகின செடி. உன்ரை சட்டையிலை ஊத்தை பிரளும்."

அவள் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடம் தள்ளிவைத்த பயணத்தை ஒரு அழுகல் செடிக்காக வெளிக்கிட்டு வந்திருக்கிறேனே என்று நினைத்தார். பாலம் முடிந்து, கடல் காற்று உள்ளே வந்தது.

றோஸ்மேரியின் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். முற்றத்தைப் பார்த்ததும் தவராசா வாயைப் பிளந்தார். உடைந்த பைபர் படகொன்று மணலில் கிடந்தது. அது நிறையப் பாலைவன றோசா. வலை மிதவைகளைப் பாதியாக வெட்டி வேலியில் கட்டி, அவற்றுக்குள்ளும் பாலைவன றோசா. வெள்ளை, இளஞ்சிவப்பு, ஓரம் கறுத்த சிவப்பு. ஐம்பது வயது மதிக்கத்தக்க றோஸ்மேரி, சட்டைக்கு மேலே கணவனின் பழைய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றாள்.

"இந்த உப்புக் காத்துக்கு வேறை ஒண்டும் நிக்காது, அண்ணை. செவ்வரத்தையும் கருகிப்போம். அதுதான் நான் இதைப் பிடிச்சனான்" என்றவள் உரப்பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கொழகொழத்த அடித்தண்டை விரலால் அமுக்கினாள். பிறகு கேட்டாள். "இதைக் கொலை செய்தது ஆர்?"

"நான்தான், தங்கச்சி."

"ஒத்துக்கொண்டியளே, அது காணும்."

தவராசா வேலியில் இருந்த ஒரு சிவப்புப் பூவைக் காட்டினார். "உங்களிட்டை இதேமாதிரிச் சிவப்பு ஒண்டு இருந்தாத் தாருங்கோவன். மனுசி வரமுதல் மாத்தி வைச்சிடுவன்."

"ஆறு வருசம் வளத்த செடியை அவாவுக்குத் தெரியாதோ? உங்களை மாத்தி வைச்சாலும் கண்டுபிடிக்கமாட்டா, செடியைக் கட்டாயம் கண்டுபிடிப்பா." அவள் குசினிக்குள் போய் மீன் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்து, நெருப்பில் காட்டித் துடைத்தாள். "வெட்டப்போறன். பாக்கேலாட்டி அங்காலை திரும்புங்கோ."

தவராசா திரும்பவில்லை. அழுகிய அடிப்பாகம் சாறு வடிய விழுந்தது. அவள் இன்னும் ஒரு துண்டு வெட்டினாள். இன்னும் ஒன்று. குடம்போல இருந்த தண்டில் பாதி போய்விட்டது. கடைசியில் உள்ளே கீரிமீன் வயிறுபோல வெள்ளையான, கெட்டியான சதை தெரிந்தது. அவள் மூச்சு விட்டாள்.

"உயிர் இருக்கு."

வெட்டிய வாயில் கறுவாப்பட்டைத் தூளை அப்பினாள். வழிந்த பாலைத் தொடப்போன தவராசாவின் கையைத் தட்டிவிட்டாள். "பால் நஞ்சு. கண்ணிலை படக்கூடாது. ஆட்டையும் கிட்ட விடாதேங்கோ. இனி நான் சொல்லுறதைக் கேளுங்கோ. இதைக் கொண்டுபோய்க் காத்துப் படுற இடத்திலை தலைகீழாக் கட்டித் தூக்குங்கோ. பதினைஞ்சு நாள். ஒரு சொட்டுத் தண்ணியும் இல்லை. காயம் தோல்மாதிரிக் காஞ்ச பிறகு நடலாம். மண் வேண்டாம். கழுவின ஆத்துமணல், ஓட்டுத் துண்டு, கொஞ்சம் தேங்காய்த் தும்புச்சோறு, உமிக்கரி. உமிக்கரிதான் எங்கட பக்கத்திலை கிடைக்காது."

"எங்கட மில்லிலை மலையாக் கிடக்குது" என்றார் தவராசா. அன்று முதல் தடவையாகத் தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னதில் அவருக்குப் பெருமை.

புறப்படும்போது அவள் ஒரு கடதாசிச் சரையில் விதை கொடுத்தாள். பொன்மெழுகு நிறத்தில் அரை அங்குலக் குச்சிகள், இரண்டு நுனியிலும் பஞ்சுக் குடுமி. "சும்மா இருந்தா உங்கட கை தண்ணி வாளியைத் தேடும். இதுகளைப் போட்டு வளருங்கோ" என்றாள்.

அடுத்த பதினைந்து நாளும் அந்தத் தண்டு தவராசாவின் விறாந்தையில், உடுப்புக் காயப்போடும் கம்பியில் தலைகீழாகத் தொங்கியது. பக்கத்து வீட்டுக் கமலாசனி அதைக் கண்டுவிட்டு, "என்ன அண்ணை, வத்தாளங்கிழங்கைக் கட்டித் தூக்கியிருக்கிறியள்?" என்று கேட்டாள். விசயம் தெரிந்ததும் ஊர் முழுக்கச் சொன்னாள். துருசுக்காரர் தண்ணீர் ஊற்றிச் செடியைக் கொன்ற கதை வாய்க்கால் வழியே கடைமடை வரை போனது. வயல்காரர்கள் வேலை விட்டுப் போகும்போது வந்து, தொங்குகிற நோயாளியைப் பார்த்துச் சுகம் விசாரித்தார்கள்.

நட்ட பிறகுதான் அவருக்குப் பெரிய சோதனை. பங்குனி வெயில் முற்றத்தைப் பொரித்தது. காய்ந்த மணலில், இலை ஒன்றுமில்லாமல், கம்புபோல நின்றது செடி. வாளியை எடுத்துக்கொண்டு கிட்டப் போவார். திரும்பி வருவார். ஒருநாள் கை தாங்காமல் வாளியைக் கொண்டுபோய்க் கமலாசனி வீட்டில் கொடுத்துவிட்டு, "நான் கேட்டாலும் தராதை" என்று சொல்லிவிட்டு, குளக்கட்டில் நடக்கப் போய்விட்டார்.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து நாலாம் நாள் காலை. தேத்தண்ணிக் கோப்பையோடு முற்றத்துக்கு வந்தவர் அப்படியே நின்றார். வெறும் கொப்பின் நுனியில் பச்சையாக ஒரு புள்ளி. பயறு அளவு. குனிந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் குனிந்தார். ஒரு புள்ளி இல்லை, மூன்று. "கமலாசனி! ஓடி வா, பிள்ளை!" என்று அவர் போட்ட சத்தத்தில், பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து அவள் தடியோடு ஓடிவந்தாள்.

அதற்குள் விதைகளும் முளைத்திருந்தன. கொடுத்த எழுபதில் அறுபது. ஒவ்வொன்றும் முளைக்கும்போதே அடி பருத்து, குண்டுக் குழந்தை உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அவற்றை வைக்கச் சாடிக்கு எங்கே போவது? கடைத் தயிர் வந்த மண்சட்டி கண்ணில் பட்டது. அகலமும் ஆழக்குறைவும் அந்தச் செடிக்கென்றே செய்ததுபோல. அடியில் ஓட்டை மட்டும் போட வேண்டும். முதல் நாலு சட்டி உடைந்தது. சட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துத் துளைத்தால் உடையாது என்று ஐந்தாவதில் கண்டுபிடித்தார். செய்தி பரவி, ஊரில் யார் வீட்டில் தயிர் தின்றாலும் சட்டி தவராசா வீட்டுப் படலைக்கு வந்துவிடும்.

மாதம் ஒருமுறை ஒரு சாக்கு உமிக்கரியோடு முல்லைத்தீவுக்குப் போனார். இப்போது பாலத்தில் பஸ் ஊரும்போது அவர் கொக்குகளை எண்ணிக்கொண்டு போவார். றோஸ்மேரி அவருக்கு மகரந்தம் மாற்றப் பழக்கினாள். இங்குள்ள பூச்சிகளுக்கு அந்தப் பூவின் கதவு திறக்கத் தெரியாதாம். பூவின் பக்கத்தை மெல்லக் கிழித்து, உள்ளே இருக்கும் சின்னக் கூம்புக்குள் தூண்டில் நைலோன் நூலான தங்கூசித் துண்டை விட்டு, மஞ்சள் தூளை எடுத்து அடுத்த பூவுக்குள் வைக்க வேண்டும். கிழிந்த வலை பொத்திப் பழகிய றோஸ்மேரியின் விரல் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். துருசுச் சக்கரம் சுழற்றிய தவராசாவின் கை இருபது பூவைப் பாழாக்கியது. இருபத்தோராவது பிடித்தது. ஆட்டுக்கொம்புபோல இரட்டைக் காய் வந்தது. வெடித்து விதை பறந்துவிடாமல் அதற்கு வெங்காயப்பை வலையில் சட்டை தைத்துப் போட்டார்.

ஆடியில் சோளகக் காற்று வீசத் தொடங்கியபோது, பாதியாக வெட்டுப்பட்ட விமலேஸ்வரியின் செடி பூத்தது. முதலில் இரண்டு. பிறகு ஒன்பது. ஆவணிக் கடைசியில் விமலேஸ்வரி வந்து வாடகை வாகனத்தை விட்டு இறங்கியபோது, இலை தெரியாமல் பூவாக நின்றது.

அவள் பெட்டிகளை விட்டுவிட்டு நேரே அதனிடம் போனாள். பூவைத் தொட்டாள். பிறகு அடித்தண்டைத் தடவினாள். விரல் மணல்மட்டத்தில் தெரிந்த தழும்பில் நின்றது. சுற்றிலும் வரிசையாக நின்ற அறுபது தயிர்ச்சட்டிகளையும் பார்த்தாள்.

இரவு முழுக்கப் பாடமாக்கி வைத்த பேச்சு தவராசாவுக்கு மறந்துவிட்டது. "விமலா, நான் உன்ரை செடியை அழுக வைச்சுப்போட்டன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பங்குனி மாசம் பாதி நாள் உங்கட தலைக்கு மேலாலை கம்பியிலை தொங்கினது என்ன, வௌவாலோ? நீங்கள் அதுக்குக் கீழை கதிரையைப் போட்டு இருந்துகொண்டெல்லோ என்னோடை கதைச்சனீங்கள்."

தவராசா விறாந்தைக் கம்பியைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஏன் கேக்கேல்லை?"

"நீங்கள் பொய் சொல்லேக்கை உங்கட முகத்தைப் பாக்கவேணும். மகளும் மருமகனும் நானும் ஒவ்வொரு ஞாயிறும் காத்துக்கொண்டிருப்பம்." சொல்லிக்கொண்டே அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "ஆனா நீங்கள் அந்தத் தெருவாலை தனியப் போயிட்டு வந்தனீங்கள் எண்டு கமலாசனி சொன்ன அண்டைக்குத்தான், எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. உடனை வரவேணும்போலை இருந்தது."

தவராசா அவளுடைய கைப்பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

கார்த்திகை மழைக்கு அறுபது சட்டிகளும் வீட்டுக்குள் வந்தன. விறாந்தை நிறைந்து, கூடம் நிறைந்து, கடைசியில் அலுமாரிக்கு மேலேயும் ஏறின. விமலேஸ்வரி பேசிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கினாள். எந்தச் செடி எந்த யன்னலடியில் நிற்பது என்பதில் இருவருக்கும் நாளுக்கு ஒரு சண்டை. எல்லாச் சண்டையிலும் அவள்தான் வென்றாள்.

அடுத்த சித்திரையில், உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை, விதையில் வந்த செடி ஒன்று முதல்முதலாக மொட்டுக் கட்டியது. என்ன நிறம் வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. விமலேஸ்வரி தொலைபேசி எடுத்து, றோஸ்மேரியையும் ஸ்ரனிஸ்லஸையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். அவர்கள் கருவாட்டுப் பொதியோடு வந்து இறங்கிய காலையில் பூ விரிந்திருந்தது. நடுவில் பால் வெள்ளை, அதிலிருந்து மெல்ல மெல்லச் சிவந்து, ஓரத்தில் நாவற்பழக் கறுப்பு. முல்லைத்தீவு முற்றத்திலும் இல்லாத நிறம்.

றோஸ்மேரி சட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். குந்தியிருந்து பார்த்தாள்.

"அண்ணை," என்றாள், "இதின்ரை விதையிலை எனக்குக் கொஞ்சம் தருவியளோ?"

"அதுக்கு முதல் காய் பிடிக்க வேணுமே. நீயே செய், தங்கச்சி. என்ரை கை மொத்தம், பூவைக் கிழிச்சுப்போடும்."

"நீங்கள் செய்யுங்கோ. நான் பாக்கிறன்."

தவராசா கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு தங்கூசித் துண்டை எடுத்தார். விமலேஸ்வரி இரண்டு விரலால் பூவைப் பிடித்துக் கொடுத்தாள். ஸ்ரனிஸ்லஸ் காற்றுக்கு மறைப்பாகத் தன் சாரத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். நாலு தலையும் ஒரு பூவின் மேல் கவிந்தன.

"விழுந்திட்டுது" என்று தவராசா மெதுவாகச் சொன்னார். "மஞ்சள் உள்ளை விழுந்திட்டுது."

"சரி, இனி எல்லாரும் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு வாங்கோ," என்று விமலேஸ்வரி எழும்பினாள், "சோறு ஆறுது."